சாம்பிள் சார் கழற்றாத ஹெல்மெட்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் சாம்பிள் சார் நக்கிப் பார்க்காத கல் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் பூமிக்குள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே வந்த கல் எதுவும் அவர் நாக்குக்குத் தப்பியதில்லை. பஸ் ஸ்டாண்டு ஜல்லி, கோர்ட்டு வாசல் படி, பாத்திரக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த அம்மி, எல்லாம் ருசி பார்த்தாகிவிட்டது. "சார், வாங்கினு போயி வூட்ல வெச்சி நக்குங்க சார்" என்று அந்தக் கடைக்காரர் கும்பிட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையில் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துளை போடும்போது மேலே வருகிற கல்துகளை எடுத்து, இது என்ன கல், இதில் எண்ணெய் வாடை இருக்கிறதா இல்லையா என்று எழுதி வைப்பதுதான் அங்கே அவருடைய உத்தியோகம். பத்தடிக்கு ஒருதரம் "சாம்பிள் குடு" என்று கை நீட்டி நீட்டி, அதுவே பெயராகிவிட்டது.

நான் அப்போது ஒரு போர்வெல் ஏஜென்சியில் போன் எடுப்பவனாகவும், ரிக் வண்டி வரும் தேதி சொல்பவனாகவும், வண்டி வராவிட்டால் திட்டு வாங்குபவனாகவும் இருந்தேன். ஒருநாள் முதலாளி இவரைக் கூட்டிவந்து என் எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். "முப்பது வருசம் ரிக்கோடவே குடும்பம் நடத்தினவரு. இவருக்குத் தெரியாத தண்ணியா?" என்றார். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. அவருக்குப் பூமிக்குள் இருக்கிற எல்லாமே தெரியும். பிடிக்காதது தண்ணீர் ஒன்றுதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

"ஏன் சார் நக்குறீங்க, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"நாக்குல ஒட்டிக்கிச்சின்னா களிமண் கல்லு. பல்லுல நறநறன்னா மணலு கலந்தது. அப்புறம், நனைஞ்சாத்தான் கல்லு தன் நெறத்தைக் காட்டும். எச்சிலை விடக் கிட்டத்துல தண்ணி எங்கய்யா இருக்குது?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விகள்தான் அவரிடம் ஜாஸ்தி.

மெஸ்ஸில் சாப்பிடும்போது சோற்றில் கல் கடிபட்டால் நாமெல்லாம் மெஸ்காரரைத் திட்டுவோம். இவர் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "ரோஸ் கலர் ஃபெல்ஸ்பார். இது நம்மூரு களத்துல காஞ்ச அரிசி இல்லியே" என்று ஒருநாள் சத்தமாகச் சொல்லிவிட்டார். சுவரில் 'உள்ளூர் பொன்னி மட்டுமே' என்று எழுதி வைத்திருந்த மெஸ்காரர் அன்றைக்கு எங்களுக்கு இரண்டாவது தரம் ரசம் ஊற்றவில்லை.

அவர் சட்டைப்பையில் கண்மருந்துக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். கண்மருந்து இருக்காது; ஆசிட் இருக்கும். சுண்ணாம்புக் கல்லில் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும், மற்ற கல்லில் நுரைக்காது, அதற்காக. எனக்குக் கண்வலி வந்த வாரம் மேஜை மேல் இருந்த அந்தக் குப்பியை நான் எடுத்து அண்ணாந்ததும், அந்த மனுஷர் மேஜையைத் தாண்டிப் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டதும் தனிக் கதை. இன்றைக்கு இதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதுகிறேன் என்றால் அந்தப் பாய்ச்சல்தான் காரணம்.

அதே குப்பியோடு முதலாளியின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் வந்தார். முதலாளி வந்தவர்களையெல்லாம் கூடத்தில் நிறுத்தி, "ஒரிஜினல் மார்பிள்" என்று தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். சாம்பிள் சார் குனிந்தார். பூஜை அறை வாசலில் ஒரு சொட்டு விட்டார். அது பொங்கியது. "ஒரிஜினல்தாங்க முதலாளி, சந்தேகமே இல்ல" என்று நிமிர்ந்து எல்லோர் முன்னாலும் சான்றிதழ் கொடுத்தார். அந்த இடத்தில் எட்டணா அளவுக்கு வெள்ளையாக அரித்துப்போய்விட்டது. இன்றைக்கும் அங்கே ஒரு கால்மிதி கிடக்கிறது. ஒரிஜினலாக இல்லாதிருந்தால் தரையாவது மிஞ்சியிருக்கும் என்பது முதலாளியம்மாவின் கருத்து.

கல்வராயன் மலைக்குப் போனால் இரண்டு துணிப்பை நிறையக் கல்லோடுதான் பஸ் இறங்குவார். ஒருநாள் வெள்ளிமலையிலிருந்து வந்த பையோடு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அலுவலகத்தின் நடுவில் கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு குந்திவிட்டார். உள்ளே கையில் ஊதா டார்ச். கள்ளநோட்டுப் பார்ப்பதற்குக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கல்லில் எண்ணெய் இருந்தால் அந்த வெளிச்சத்தில் மினுங்குமாம். அந்த மினுக்கத்துக்கு அவர்கள் தொழிலில் 'ஷோ' என்று பெயர்.

"பச்சையா அடிக்குதுய்யா" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஷோ இருக்கு."

எங்கள் ரிக் ஆபரேட்டர் மணி ஓடிவந்து கம்பளிக்குள் தலையை விட்டான். பிறகு நிதானமாக, "சார், உங்க எண்ணெய் நடந்துக்கினு வருது" என்றான்.

தேள். ஊதா வெளிச்சத்தில் தேளும் பச்சையாக மினுங்கும் என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் மேஜை மேல் ஏறி நின்றபடி கற்றுக்கொண்டோம். சாம்பிள் சார் மட்டும் தரையிலேயே உட்கார்ந்து தன் பெரிய நோட்டைத் திறந்து எழுதினார்: 'வெள்ளிமலை. ஷோ: இல்லை. தேள்.'

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கம்பெனியில் எழுதிய முறையிலேயே இங்கேயும் கோடு போட்டு வைத்திருந்தார். ஊர், ஆழம், கல், ஷோ, கடைசியில் முடிவு. எங்கள் போர்வெல் எல்லாவற்றுக்கும் ஷோ என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவார். தண்ணீர் பொங்கி வந்த கிணறாக இருந்தால் முடிவு என்ற இடத்தில் 'தோல்வி' என்று எழுதுவார்.

பின்னே? எண்ணெய் தேடுகிறவர்களுக்குத் தண்ணீர் என்றால் எழவு. மைல் கணக்கில் துளை போட்டு, நூறு பேர் மாசக்கணக்கில் உழைத்து, கடைசியில் உப்புத் தண்ணீர் வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அப்படித் தண்ணீர் வந்தால் அவருடைய செட்டில் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றி மார்பில் வைத்து ஒரு நிமிஷம் சும்மா நிற்பார்களாம். முப்பது வருஷப் பழக்கம்.

சங்கராபுரம் பக்கம் முதல் போருக்குப் போனபோது இது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது. குடும்பமே கைதட்டியது. சாம்பிள் சார் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார், மார்பில் வைத்தார், அந்த விவசாயியின் தோளைத் தொட்டார். "போச்சுங்க. தண்ணி வந்துடிச்சி. மனசை விட்டுடாதீங்க" என்றார். அந்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தர், விஷயம் புரியாமலே ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு போன் எடுத்தாலே, "வண்டியை அனுப்புங்க, அந்த எழவு மூஞ்சிக்காரரை மட்டும் அனுப்பாதீங்க" என்றுதான் பேச்சு. முதலாளி அவரை அலுவலகத்திலேயே உட்கார வைத்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்திலிருந்து செல்வராஜ் வந்தார். கொஞ்சம் நிலம், மரவள்ளிப் பயிர், இரண்டு மாடு. முன்னாலேயே வேறு ஆட்களை வைத்து இரண்டு போர் போட்டு, இரண்டிலும் தண்ணீர் வராமல் வெறும் கல்மாவுப் புகைதான். இது மூன்றாவது.

"இதுலயும் வரலன்னா ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசையைப் பாத்துட்டு திருப்பூர் பஸ்ஸு ஏறிடுவோம்ங்க. மச்சினன் பனியன் கம்பெனில சொல்லி வெச்சிருக்கான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போர் போடுகிற அந்த நாள் பார்த்து எங்கள் சூபர்வைசர் வீட்டில் கல்யாணம். வேறு வழியில்லாமல் முதலாளி சாம்பிள் சாரை அனுப்பினார், காவலுக்கு என்னையும் அனுப்பினார். "அறுநூறு அடி. அதுக்குள்ள வரலன்னா ஏத்திக்கினு வந்துடு. வண்டிக்கு அடுத்த பார்ட்டி காத்துக்கினு இருக்கான்" என்று என்னிடம் சொன்னார். சாம்பிள் சாரிடம், "வாயத் தொறக்கக் கூடாது. ஹெல்மெட்டைத் தொடக் கூடாது" என்றார். நான் பஸ்ஸிலேயே அவருடைய தாடை வாரை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டேன்.

காலையில் ஆரம்பித்தோம். இருநூறு, முந்நூறு, நானூறு. வெள்ளைப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. சாம்பிள் சார் பத்தடிக்கு ஒரு பிடி வாங்கி, வடாம் காயப்போடுகிற மாதிரி பாய் மேல் வரிசையாக வைத்தபடி இருந்தார். செல்வராஜின் மனைவி ஸ்டெல்லா முகமெல்லாம் கல்மாவோடு, நகராமல் நின்றுகொண்டிருந்தார்.

"சார் பெட்ரோல் கம்பெனில இருந்தவராமே" என்றார் செல்வராஜ். "தண்ணிதான் இல்ல. பெட்ரோலாவது வருமா சார்?"

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு அதோடு காற்றில் போயிற்று. "அம்மா, நீங்க அதிரசம் சுடுவீங்களா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டார்.

"கிறிஸ்மஸுக்குச் சுடுவோம் சார்."

"சுட்டு எடுத்து அமுக்கினா எண்ணெய் வருதில்ல? உள்ள சின்னச் சின்ன ஓட்டை. மணல் கல்லு அப்பிடித்தான். பூமிக்குள்ள எண்ணெய் அதுலதான் ஒளிஞ்சிக்கினு இருக்கும். மேல களிமண் கல்லு தட்டு போட்டு மூடினாப்பல இருக்கணும். இல்லன்னா எண்ணெய் மேல ஏறிப் போயிடும். அந்த எண்ணெயும், சேத்துல புதைஞ்ச பூச்சி பாசியெல்லாம் எளஞ்சூட்டுல வெந்து வந்தது." ஒரு சில்லை எடுத்துக் காட்டினார். "உங்க மலை இருக்குதே, இது அடியாழத்துல வெந்து கருகிப்போன கல்லு. கருகின அதிரசத்துல எண்ணெய் ஏது? ஒரு சொட்டு நிக்க எடமில்ல."

"அப்ப தண்ணி?" என்றார் ஸ்டெல்லா.

சாம்பிள் சார் முதல் தடவையாகத் தடுமாறினார். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் ஆசையோடு கேட்டதில்லை. "கல்லுல எங்கயாவது வெடிப்பு இருந்தா நிக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

ஐந்நூற்றுத் தொண்ணூறில் ஒரு பிடி வாங்கினார். நக்கினார். மறுபடியும் நக்கினார். இதுவரை கறுப்பாக, கண்ணாடி உடைந்தாற்போல் வந்த சில்லில் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. நடுவில் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்.

அறுநூறு ஆனதும் மணி எஞ்சினை அடக்கினான். "நிறுத்தாதே" என்றார் சாம்பிள் சார். "கல்லு துரு புடிச்சி வருது. சும்மா துரு புடிக்காதுய்யா. தண்ணி போய் வந்துக்கினு இருக்கற வெடிப்பு பக்கத்துல இருக்குது. இன்னும் ரெண்டு மூணு ராடு எறக்கு."

மணி என்னைப் பார்த்தான். அதே நேரம் முதலாளியின் போன். "இன்னாடா, மூட்டை கட்டிட்டியா?" என்று கேட்டார். செல்வராஜ் என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் சாதித்தவனில்லை. ஆனால் அன்றைக்கு, "ஹலோ, ஹலோ, மலையடிவாரம் முதலாளி, சிக்னலே இல்லீங்க" என்று சொல்லி போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். மணி சிரித்துவிட்டு எஞ்சினை முடுக்கினான்.

அறுநூற்று இருபது. புகை. அறுநூற்று முப்பது. புகை கொஞ்சம் கனத்தது. அறுநூற்று நாற்பதில் கல்மாவு கட்டிகட்டியாக வந்து விழுந்தது. அப்புறம் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர் வெள்ளையாக, ரிக்கின் தலைக்கு மேலே எழும்பி எங்கள் எல்லோர் மேலும் கொட்டியது. ஸ்டெல்லா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். செல்வராஜ் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நான் சாம்பிள் சாரைத்தான் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் ஹெல்மெட்டுக்குப் போய்விட்டன. போச்சுடா என்று நினைத்தேன். விரல்கள் என் முடிச்சைத் தேடின. ஒன்றை அவிழ்த்தே விட்டார். பிறகு சேற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். காற்றில் பறந்துவிடும் என்று பயந்தவர்போல, வெகுநேரம் அப்படியே நின்றார்.

ஸ்டெல்லா ஒரு சொம்பில் அந்தக் கலங்கல் தண்ணீரைப் பிடித்து முதலில் அவருக்குத்தான் கொண்டுவந்தார். கல்லை நக்குகிற மாதிரியே நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"உப்பு இல்ல" என்றார். எங்களுக்கெல்லாம் புரியவில்லை. அவர் மணியிடம் போய்ச் சொன்னார், செல்வராஜிடம் சொன்னார், என்னிடம் இரண்டு தடவை சொன்னார். "உப்பே இல்லய்யா." முகத்தில் தண்ணீர் வழிந்தது. எல்லாம் போர்த்தண்ணீர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஊர், ஆழம், கல் எல்லாம் வழக்கம்போல. ஷோ என்ற இடத்தில் 'இருக்கு' என்று எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டி, தண்ணீர் வந்த கிணறுகளுக்கெல்லாம் 'தோல்வி' என்று எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினார். தேள் பக்கத்தை மட்டும் தொடவில்லை.

இப்போது சின்னசேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே ரயில்வே ஸ்டேஷன் ஜல்லியையும் ருசி பார்த்துவிட்டதாகக் கேள்வி. எங்கள் ரிக்கில் எங்கே தண்ணீர் வந்தாலும் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் போடுகிறேன்.

"சார், உப்பு இல்ல."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்கும். "ஆழம் சொல்லுய்யா, எழுதிக்கிறேன்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்ததாகவே தோன்றும்.