பால்மேல் விழுந்த பழி

பால்மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் ஓய்வதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சபதம் செய்தேன். கோபம் வராதா பின்னே? அமெரிக்காவில் பாலுக்குப் பேர்போன விஸ்கான்சினில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவனைப் பார்த்து, பால் உனக்கு ஆகாது என்றால்?

டிராக்டரில் தூங்கி, வண்டியை வேலியில் மோதவிட்டிருந்தேன். கொளுத்தும் ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டேன். கழுத்தெல்லாம் அரிப்பு, தடிப்பு. ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, "உங்க உடம்பே உங்க தைராய்டு சுரப்பியோட சண்டை போடுது" என்றாள். தோலில் குத்திப் பார்த்துவிட்டு, "பால் அலர்ஜியும் இருக்கு" என்றாள்.

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே வருது. ஏன்னு இன்னும் சரியாத் தெரியல. மாத்திரையைத் தண்ணியோட போடுங்க, பாலை விட்டுடுங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

ஏன் என்று தெரியாதாம். பாலை மட்டும் விட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆர்டிஸ் குளிர்பெட்டியைக் காலி செய்தாள். சீஸ், வெண்ணெய், ஐஸ்கிரீம் எல்லாம் எதிர்ப் பண்ணை தோர்வால்டுக்குப் போயின. அதுதான் எனக்கு எரிந்தது. அவன் மாடுகளை விற்றுவிட்டு ஓட்ஸ் விதைத்தவன். அந்த ஓட்ஸை அரைத்து, வடிகட்டி, பால் என்று விற்கிறார்கள். "ஓட்ஸுக்கு ஏதுப்பா மடி?" என்று சர்ச்சில் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டவன் நான்.

"அந்தத் துரோகிக்கா என் வெண்ணெய்?"

"அவருக்கு ஒத்துக்குது."

"எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் பால் குடிச்சார்."

"அவருக்கும் ஒத்துக்கிச்சு."

"மாடுங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"முழிச்சாப் போதும். டிராக்டர்ல தூங்காதீங்க. விதவையாகிற வயசில்ல எனக்கு."

கதவை அறைந்து சாத்திவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன்.

கறந்த பாலைச் சேர்க்கும் தொட்டியில் கைவைத்தால் ஆர்டிஸ் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் டவுனில் சாக்லேட் பால் வாங்கி, கன்றுகளின் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியில் பின்வரிசையில் ஒளித்தேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன். பாலையும் குடிப்பேன். குடித்துக்கொண்டே குணமாகி, அந்த டாக்டரம்மாவின் வாயை அடைப்பேன். மத்தியானம் ஒரு தம்ளர். திருட்டுப் பாலின் ருசியே தனி. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று.

ரெண்டு மாதத்தில் சோர்வு போனது. தடிப்பு போனது. ரத்தச் சோதனையும் நல்லபடி வந்தது. டாக்டரம்மா முன்னால் எழுந்து நின்றேன்.

"தினமும் பால் குடிச்சேன் நான். ஒரு பாவமும் அறியாத பால்மேல இப்படிப் பழி போடலாமா நீங்க?"

டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸைப் பார்த்தாள். ஆர்டிஸ் கைப்பையை மூடினாள்.

"அது ஓட்ஸ் பால்ங்க. நீங்க ஒளிச்சு வச்ச மறுநாளே மாத்திட்டேன். ஒவ்வொரு தடவையும் சாக்லேட் கலந்து பாட்டிலை ரொப்பினது தோர்வால்ட்."



ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், எல்லார் முன்னாலும், தோர்வால்ட் என் தோளில் கைபோட்டான்.

"ஏம்ப்பா ஆர்லோ, மடியைக் கண்டுபிடிச்சியா?"