தண்ணீர்ப்புச் சான்றிதழ்

டோர்ட்மண்டில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் நாகரிகம் தொற்றிய தமிழர்கள் ஏழு பேர். ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். எனவே "தமிழ் வீட்டுப் பியர் காய்ச்சுவோர் ஒன்றியம்" முறைப்படி உதயமாயிற்று. தலைவர், உபதலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், தொழில்நுட்ப ஆலோசகர் என்று ஆறு பதவிகள். ஏழாவது ஆளான றெஜினோல்ட் பதவி கேட்க வெட்கப்பட்டதால் வெறும் உறுப்பினர். ஒன்றியத்தில் உண்மையாகப் பியர் காய்ச்சியவனும் அவன் ஒருவன்தான். மற்ற ஆறு பேருக்கும் கூட்டங்களுக்கே நேரம் போதவில்லை.

றெஜினோல்ட் காய்ச்சியதற்குக் காரணம் இருந்தது. அவன் பதினான்கு வருடமாக ஒரு திருகாணிக் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். போன வருடம் அங்கே ஒரு விருந்தில் அவனுடைய மேலாள் கிறூகர், அவன் கொண்டுபோன இறைச்சி றோல்ஸில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்க, "றோல்ஸ் அருமை, றெஜினோல்ட். பியரை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள், அது உங்களுக்கு வராது" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் செமிக்கவில்லை. இப்போது கிறூகர் ஓய்வு பெற்றுவிட்டார். வருகிற சனிக்கிழமை, றெஜினோல்ட் அழைத்ததால், அவன் வீட்டுக்கு வருகிறார். பியர் குடிக்க.

நிலவறையில் பன்னிரண்டு லீற்றர் பியர் நொதித்துக்கொண்டிருந்தது. நொதித்து முடிந்ததா என்று தெரிந்தால்தான் பீப்பாவுக்கு மாற்றலாம். முடியாமல் மாற்றினால் சீனிப் பாணியாய் இனிக்கும், பீப்பாவும் வெடிக்கும். அதை அறிய ஸ்பின்டெல் என்றொரு கண்ணாடி மிதவை உண்டு. பியரில் மிதக்கவிட்டு, தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்று கோட்டில் பார்க்க வேண்டும். றெஜினோல்ட்டின் ஸ்பின்டெல் ஒரு தடவை நான்கு காட்டியது. அடுத்த தடவை ஆறு காட்டியது.

"பெட்டிக்குள்ளை இருந்த துண்டிலை எழுதியிருக்கு, இஞ்சருங்கோ," என்றாள் மனைவி சுஜானி. "பியரிலை இருக்கிற வாயுக் குமிழ் ஸ்பின்டெல்லிலை ஒட்டி அதை மேலை தூக்குமாம். நல்லாக் குலுக்கி, இருபது பாகையிலை அளக்கட்டாம்."

மனைவி சொன்னதை அப்படியே கேட்டுவிடும் நிலைக்கு றெஜினோல்ட் இன்னும் வரவில்லை. அவன் தலைவருக்கு ரெலிபோன் எடுத்தான்.

தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு பெரிய அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கோப்பு வண்டி தள்ளியவர். ஒரு கோப்பையும் திறந்து பார்த்ததில்லை. ஆனாலும் கோப்புகளின் மகிமை கைப்பிடி வழியாக அவருக்குள் ஏறிவிட்டிருந்தது.

"நாலோ ஆறோ எண்டது சின்ன விசயம் இல்லைத் தம்பி. வாயாலை சொல்ல ஏலாது. அன்ராக் போடும்."

"அண்ணை, சனிக்கிழமை ஆள் வாறார்."

"அப்ப அவசர அன்ராக் போடும்."

அன்ராக் என்றால் ஜெர்மனில் விண்ணப்பம். அதற்கான படிவம் வந்தது. பியரின் இந்தக் கன அளவுக்கு ஊர்ப் பாடப்புத்தகத்தில் 'தன்னீர்ப்பு' என்று பெயர். செயலாளர் யோகேஷ் தட்டச்சுச் செய்ததில் றன்னகரம் போய் டண்ணகரம் ஏறி, "தண்ணீர்ப்பு அளவீட்டு விண்ணப்பம்" என்று நின்றது. றெஜினோல்ட் பிழையைச் சுட்டிக்காட்டினான்.

"தெரியும் அண்ணை," என்றான் யோகேஷ். "ஆனால் தீர்மானமாய் நிறைவேறிட்டுது. இனி மாத்திறதெண்டால் பொதுக்கூட்டம் கூட்டவேணும்."

புதன்கிழமை ஐந்து மணிக்கு அளவீட்டுக் குழு நிலவறைக்கு எழுந்தருளியது. தலைவர், செயலாளர், தொழில்நுட்ப ஆலோசகர் ராகவேந்திரா. ராகவேந்திரா கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறை. பியரில் மிதந்தபடி கைப்பேசிக்கு அளவு அனுப்பும் ஒரு கருவி வைத்திருந்தார்.

"கண்ணாடி எல்லாம் அவுட்டேட்டட் ப்ரோ. இது ஃபுல்லி ஆட்டோமேட்டிக்," என்று அதைப் பியருக்குள் போட்டார். நிலவறையில் சிக்னல் இல்லை. கருவி அடியில் போய் மௌனமாகப் படுத்துக்கொண்டது. "அப்டேட் கேக்குது," என்றார் ராகவேந்திரா.

பிறகு கண்ணாடிக் குழலில் கால் லீற்றர் எடுத்து, அதில் ஸ்பின்டெல்லை மிதக்கவிட்டு, விதிப்படி அளக்கத் தொடங்கினார்கள். விதி ஒன்று: மூவர் தனித்தனியே பார்த்து மூன்று அளவும் ஒத்திருக்க வேண்டும். விதி இரண்டு: வெப்பநிலை இருபது பாகை. நிலவறை பதின்மூன்றில் இருந்ததால் யோகேஷ் ஒவ்வொரு குழலையும் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கினான். அது முப்பதுக்குப் போய்விட்டது. விதி மூன்று: ஒருமுறை எடுத்த மாதிரியை மீண்டும் பாத்திரத்தில் ஊற்றலாகாது, கிருமி சேரும். வடிகாலிலும் ஊற்றலாகாது, சுற்றாடல் கெடும். எனவே மாதிரி "உரிய முறையில் உட்கொண்டு அகற்றப்படும்."

குழு மாதிரிகளை உரிய முறையில் அகற்றியது.

"நாலரை," என்றார் தலைவர்.

"அஞ்சு," என்றான் யோகேஷ்.

"சார், மேல் விளிம்பா பாக்கறீங்க, கீழ் விளிம்பா?" என்றார் ராகவேந்திரா.

"நான் ரெண்டுக்கும் நடுவிலை பாக்கிறன். நடுநிலைமை முக்கியம்," என்றார் தலைவர்.

ஒத்துவரவில்லை. புதிய மாதிரி எடுக்கப்பட்டது. அகற்றப்பட்டது. அளவு அளவாக அகற்ற, கோடுகள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கின. இரண்டாகத் தெரிவதால் இன்னும் கவனமாக அளக்க வேண்டும் என்று தலைவர் பணித்தார். வியாழக்கிழமையும் வந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் அளவு மாறாதிருந்தால்தான் நொதித்தல் முடிந்ததாகக் கொள்ளலாம் என்பது விதி நான்கு. வெள்ளிக்கிழமையும் வந்தார்கள், இம்முறை மிக்சருடன்.

"அண்ணை, பியர் முடியப்போகுது!" என்றான் றெஜினோல்ட். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"துல்லியம் வேணுமெண்டால் தியாகம் செய்யத்தான் வேணும்," என்று தலைவர் கடைசிக் குழலை அகற்றினார்.

படிவத்தில் இன்னும் ஓர் அம்சம் மீதமிருந்தது. பதினான்காவது: கருவி சரியா என்பதைச் சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சரிபார்த்தல். முதலில் செய்திருக்க வேண்டியது. ஆனால் பதினான்காவதாக எழுதியிருந்ததால் பதினான்காவதாகச் செய்தார்கள். யோகேஷ் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தான்.

"பூச்சியம்," என்றார் தலைவர்.

"பூச்சியம்," என்றான் யோகேஷ்.

"ஜீரோ பாயின்ட் ஜீரோ. வாவ்!" என்றார் ராகவேந்திரா.

மூன்று நாளில் முதன்முதலாக மூன்று அளவும் ஒத்துவந்தன. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே சான்றிதழ் எழுதப்பட்டது, தமிழிலும் ஜெர்மனிலும். "தண்ணீர்ப்பு: 0,0. நிலையானது. துல்லியமானது." முத்திரை குத்தப்பட்டது.

"அண்ணை, இது தண்ணி!" என்று கத்தினான் றெஜினோல்ட்.

"அதைத்தானே படிவத்திலையும் போட்டிருக்கு," என்றார் தலைவர்.

சனிக்கிழமை கிறூகர் சரியாக மூன்று மணிக்கு மணி அடித்தார். அழைக்காமலே தலைவரும் வந்து, சட்டம் போட்ட சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். றெஜினோல்ட் குசினியில் நின்று மன்னிப்பு வசனத்தை ஜெர்மனில் நான்கு தரம் சொல்லிப் பார்த்தான். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு பியர்க் கிளாசில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அதற்குள் தலைவர் சான்றிதழை நீட்டிவிட்டார்.

கிறூகர் மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"பூச்சியம் கமா பூச்சியம்!" என்றார். "அல்ககோல் இல்லாத பியரா? என் டாக்டர் இப்போது இதைத்தான் குடிக்கச் சொல்கிறார்."

றெஜினோல்ட் வாயைத் திறப்பதற்குள் கிளாஸ் அவர் கைக்குப் போய்விட்டது. யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். இங்கே வெளிர்நிறப் பியருக்கு ஹெல்லஸ் என்று பெயர், வெளிச்சமானது என்று பொருள்.

"இவ்வளவு ஹெல்லான ஹெல்லஸை நான் கண்டதில்லை," என்று அரைக் கிளாசைக் குடித்தார். கொஞ்சம் யோசித்தார். "கடையில் விற்கும் 0,0-ஐவிட இது திறம். றெஜினோல்ட், நான் சொன்னது பிழை. பியர் உங்களுக்கு வரும்."

இந்த வசனத்துக்காகத்தான் றெஜினோல்ட் ஒரு வருடம் காத்திருந்தான். உண்மையைச் சொன்னால் அது போய்விடும். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. கடைசியில், "இன்னொரு கிளாஸ்?" என்று மட்டும் கேட்டான்.

இன்று ஒன்றியத்தில் எழுபது உறுப்பினர்கள். கிறூகர் கௌரவ உறுப்பினர். எல்லாரும் 0,0 தான் காய்ச்சுகிறார்கள், அதுதான் இப்போதைய நாகரிகம். ஒருவருடைய அளவிலும் தசமப் பிசகு கிடையாது. றெஜினோல்ட் தரநிர்ணய அதிகாரி, கழுத்தில் அட்டை தொங்குகிறது.

போன மாதம் ஆண்டு விழாவுக்குச் சுஜானி வந்திருந்தாள். தங்கப் பதக்கம் பெற்ற பியரில் ஒரு வாய் குடித்தாள். புருவத்தைச் சுருக்கி இன்னொரு வாய் குடித்தாள்.

"இஞ்சருங்கோ, இது பச்சைத் தண்ணியெல்லே?"

றெஜினோல்ட் அட்டையைச் சரிசெய்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"வாயாலை சொல்ல ஏலாது, சுஜானி. அன்ராக் போடும்."