காது சிவந்த படலம்

வாழ்க அவள்! மவுஸே வாளாக, சுழல் நாற்காலியே தேராக, கண்ணெரிச்சலே விழுப்புண்ணாகக் கணினிக் களத்தில் நிற்பவள். அனிமேஷன் படத்து முகங்களுக்கெல்லாம் தோல் போர்த்தி ஒளியூட்டும் வள்ளல். மூன்று நாளாக ஒரேயொரு காதிடம் தோற்றுக்கொண்டிருப்பவள்.

பகை இன்னதென்று உரைப்போம். தோலில் விழும் ஒளி, கல்லில் பட்டதுபோல் அப்படியே திரும்புவதில்லை. உள்ளே புகும், ஊனிலும் குருதியிலும் அலையும், புகுந்த இடம் ஒன்றும் புறப்படும் இடம் வேறுமாகச் செம்மை பூசி வெளியேறும். அதனால் நிழலின் ஓரமும் கத்திவெட்டாக இராமல் மெல்லச் சிவந்து கரையும். அவள் ஒளியூட்டிய படத்துப் படகோட்டியோ, கதிரவன்முன் நின்றதும் காதென்ன, தலையென்ன, மெழுகுவர்த்திபோல் முழுதும் ஒளிர்ந்தான். முகத்தில் நிழலென்று ஒன்றில்லை.

"பன்னெண்டு மணிக்குள்ள வரலைன்னா இந்த ஷாட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்!" என முழங்கினார் குழுத்தலைவர். சொல்லும் ஒளியைப் போன்றதே. அவள் காதில் புகுந்து, நெஞ்சில் அலைந்து, பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து இருக்கைக்காரர்மேல் எரிச்சலாக வெளிவந்தது. பாவம், அவர் பாத்திரங்களுக்கெல்லாம் முடி நடுபவர். தனக்கென ஒன்றும் நட்டுக்கொள்ளாதவர்.

"அண்ணா, ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க. உங்க காது வேணும்."

"திருப்பித் தந்துடுவியாம்மா?"

வெயில் பாய்ந்தது. காதுமடல் மாதுளை முத்தாகச் சிவந்தது. வழுக்கைத் தலையோ மலையென ஒளியை மறித்து நிழல் காத்தது. கண்டாள் வீராங்கனை! காதைக் கடக்கும் ஒளி தலையைக் கடக்காது. அப்படியானால் படகோட்டியின் தலை? ஓடினாள், அறுபத்திரண்டு முறை திருத்திய எண்களையெல்லாம் விடுத்து, முதல் நாளுக்குப்பின் ஒருமுறையும் பாராத அளவுக் கட்டத்தைப் பார்த்தாள். அந்தோ! படகோட்டிக்கு நெல்லிக்காய் அளவே தலை. அந்த அளவை அன்று இட்டவளும் அவளே. நெல்லிக்காய்க்குள் நுழைந்த ஒளி மறுபக்கம் வராமல் எங்கே போகும்?

முடிக்காரர் எட்டிப் பார்த்தார். திரையை அல்ல, அவளை.

"இப்போ உன் காது கரெக்டா சிவந்திருக்கும்மா."

அவள் அளவுக் கட்டத்தில் ஒன்று என்றிருந்ததை அழித்துவிட்டுப் பத்து என்று அடித்தாள், சரியாகிவிட்டது.