நேர்த்தி அண்ணையும் லூர்துக்குப் போன சைக்கிளும்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் இருக்கிற தமிழ் ஆண்களில் ஒருமுறையாவது மொட்டை அடிக்காதவர் என்று எவரும் இல்லை. இதற்குப் பக்தி காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் நேர்த்தி அண்ணை.

அவருடைய உண்மையான பெயர் அவருடைய வதிவிட அட்டையான பெர்மெசோவில் இருக்கும். அதைக் குவெஸ்தூராப் பொலிஸ்காரரைத் தவிர வேறு யாரும் வாசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊர் மன்னார்ப் பக்கம். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோரா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டையான மனுசர், வயது அறுபதை நெருங்குகிறது, தொந்தி வேறு. நாங்கள் எல்லாம் ஒரு கஷ்டம் வந்தால் எங்களுக்காக நாங்களே கோயிலுக்கு நேர்ந்துகொள்வோம். இவர் அடுத்தவனுக்காக நேர்வார். அதுவரைக்கும் நல்ல மனம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேர்ந்ததைச் செய்து முடிக்கிற பொறுப்பையும் அந்த அடுத்தவனிடமே விட்டுவிடுவார். நேரும்போது அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்.

நீங்கள் பாட்டுக்குக் கபோ சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பின்னால் வந்து தோளில் தட்டுவார்.

"தம்பி, உன்ரை அலுவல் சரிவந்திட்டுதாம்."

"ஓம் அண்ணை."

"நான்தான் நேர்ந்தனான். வாற ஞாயிறு மொட்டை."

அவருடைய சொந்தத் தலையில் மழிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மொட்டை என்பது சாதாரண விஷயங்களுக்கு. பெரிய விஷயங்களுக்கு ஆளைப் பார்த்துத்தான் நேர்வார். எவருக்கு எது கடினமோ அதுதான் நேர்த்தி என்பது அவருடைய கொள்கை. சுகமாகச் செய்யக்கூடியதை மாதா கணக்கில் எடுக்கமாட்டாவாம். ஒருவருக்குப் புதிய பெர்மெசோ கிடைக்கவேண்டும் என்று அவருடைய மீசையை நேர்ந்துவிட்டார். இருபது வயதிலிருந்து எண்ணெய் பூசி வளர்த்த மீசை. பெர்மெசோ வந்தது, மீசை போனது. அடுத்த வாரம் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பொலிஸ்காரர் மறித்து, படத்தில் இருப்பவர் எங்கே என்று கேட்டார்கள். மனுசர் அங்கே நின்று மேலுதட்டைத் தொட்டுத் தொட்டு விளக்கம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் மேல்மாடி மணியக்காவின் மகனுக்குப் பரீட்சை வந்தபோது, மணியக்கா ஒரு கிழமை வாய் திறக்கக்கூடாது என்று இவர் நேர்ந்துவிட்டார். மகன் பாஸ். அவ அழுதுகொண்டே வாயை மூடினா. கிழமை முடிகிற அன்று மணியக்காவின் புருசன் நல்ல வாள்மீன் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு நேர்த்தி அண்ணையிடம் போனார். "பெடியனுக்கு வேற ஏதும் பரீட்சை இருந்தால் பாருங்கோ அண்ணை" என்று கேட்டாராம்.

இந்தக் கதைகளை எல்லாம் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தவன் நான். பிறகு என் முறை வந்தது.

என் மனைவி வதனிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தன. மூன்றாம் முறை ஐந்தாம் மாதத்தில் டாக்டர் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டு, இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் எதைக் கண்டும் சிரிப்பதில்லை. இரவில் நித்திரை இல்லை. நான் வேலை முடிந்து போய்ப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அப்படி இருந்த ஒரு நாள் நேர்த்தி அண்ணை அந்த அறைக்குள் வந்தார்.

"தங்கச்சி, நான் நேர்ந்திட்டன். லூர்துக்கு. சைக்கிளிலை."

"ஆர் ஓடுறது?" என்று நான் கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"நீதான். நானும் வாறன். பாரமான கேஸ், அதாலை ரெண்டு சைக்கிள் எண்டு நேர்ந்தனான். பிள்ளை பிறந்தாப்பிறகு எண்டு இருக்கேலாது. முதலிலை ஓடவேணும்."

எங்கள் சனம் வருசா வருசம் பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் போகிறதுதான். பஸ் பிடித்து, புளிச்சாதம் கட்டிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். நான் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"அது சுற்றுலா" என்றார். "தார் றோட்டும் சரிவராது. காட்டுப்பாதை. கல்லு, சேறு, மேடு. மவுண்டன் பைக்."

அவருடைய சிஞ்ஞோராவின் மகன் மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் அந்தச் சைக்கிள் ஓடிவிட்டு, உடம்பெல்லாம் சேறும் சிராய்ப்புமாக வீட்டுக்கு வருவானாம். காசு உள்ள ஒருவன் தானாக விரும்பி இப்படிக் கஷ்டப்படுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும் என்று இவர் முடிவெடுத்துவிட்டார்.

"அண்ணை, நாங்கள் சைவம்" என்று கடைசியாக ஒன்றைச் சொன்னேன். அது எடுபடவில்லை. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் குகையில் கற்பூரம் கொளுத்தப் போய்க் காவலாளியிடம் பேச்சு வாங்கியவள் வதனி. அவள் எந்தச் சாமியையும் விட்டுவைப்பதில்லை.

"ஏன் அண்ணை எனக்குச் சைக்கிள்?"

"லிப்ட் பழுதெண்டால் சாமான் தூக்கிப் படியேறாமல் கீழை நிண்டு, பல்கனியாலை கூடையை இறக்கச் சொல்லி மனிசிக்குப் போன் அடிக்கிற ஆள் நீ. உனக்கு வேற என்னத்தை நேருறது?"

நான் வதனியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, போட்டு வாங்கோ. நேர்ந்ததை விடக்கூடாது. இஞ்சை இருந்து என்ரை முகத்தைப் பாத்து என்ன செய்யப்போறியள்? என்ரை அக்கா இருக்கிறா. நீங்கள் ஓடி முடிச்சால்தான் எனக்குக் கண் மூடேலும்."

அதற்குப் பிறகு வாயைத் திறக்க நான் என்ன மடையனா? லீவு போட்டேன்.

துலூஸ் வரை விமானம். அங்கிருந்து ரயிலில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கடையில் இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். தெற்குப் பிரான்ஸ் அழகான நாடு என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கண்டது முன்சில்லு, சேறு, நேர்த்தி அண்ணையின் பின்பக்கம், இவைதான். ஓக் காடு, சோள வயல், வாத்துப் பண்ணை, திரும்பவும் ஓக் காடு. தூரத்தில் பனி போட்ட மலைகள். நாங்கள் எவ்வளவு ஓடினாலும் அவை கிட்ட வருவதாக இல்லை. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் ஒரே கம்பத்தில் இரண்டு பெயர்ப்பலகை. மேலே பிரெஞ்சு, கீழே வேறு ஏதோ ஒரு பாஷை.

பாதையைவிட எனக்குப் பயமாக இருந்தது கொடிதான். அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பில் மஞ்சள் சிலுவை போட்ட ஒரு கொடி. முனைகளில் சின்னச் சின்ன உருண்டைகள். நேர்த்தி அண்ணை முதல் நாளே இறங்கி நின்று எண்ணினார். பன்னிரண்டு.

"பன்னிரண்டு அப்போஸ்தலர்" என்றார். "என்ன பக்தியான சனம், பாத்தியோ. கார் நம்பர்த் தகட்டிலையும் சிலுவை போட்டிருக்கினம்."

"அண்ணை, அது இந்தப் பக்கத்துக் கொடி. சமயம் இல்லை."

"சிலுவையை ஆர் போட்டாலும் சிலுவைதான்."

அன்றிலிருந்து கொடியைக் கண்டாலும், வீதியைக் கடக்கும்போது ஒரு காரைக் கண்டாலும், கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்துச் சிலுவை போடுவார். ரக்பி மைதானத்துக்கும் போட்டார். குப்பை லொறிக்கும் போட்டார்.

மூன்றாம் நாள் காலை, லூர்து மத்தியானத்துக்குள் எட்டிவிடும் என்கிற தூரத்தில், ஒரு செங்குத்தான இறக்கம். கீழே ஒரு பண்ணை வீடு. அதன் கொட்டில் கதவில் ஆள் உயரத்துக்கு அந்தச் சிலுவை. நேர்த்தி அண்ணை இடதுகையால் பிறேக்கை அழுத்திக்கொண்டு வலதுகையால் சிலுவை போட்டார். பின்னால் வந்த நான் அவரை இடிக்காமல் கைப்பிடியை வெட்டித் திருப்பினேன். சைக்கிள் ஒரு பக்கம் போனது, நான் காஞ்சோண்டிப் பற்றைக்குள் போனேன். எழும்பப் பார்த்தால் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. முழங்காலை மடக்க முடியவில்லை.

நாய் குரைத்தது. பண்ணைக்காரர் ஓடிவந்தார். எழுபது வயது இருக்கும், றப்பர் பூட்ஸ் போட்ட நெடிய மனுசர். வந்தவர் முதலில் நாயை ஏசினார். அது பிரெஞ்சு இல்லை. நேர்த்தி அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

நேர்த்தி அண்ணைக்கு ஒழுங்கான இத்தாலியன் கிடையாது. கபோ சந்தையில் மீன்காரரோடு மல்லுக்கட்டிப் பழகிய சிசிலியன்தான் அவருடைய ஐரோப்பிய மொழி. அதை எடுத்து விட்டார். பண்ணைக்காரர் தன்னுடையதை விட்டார். நான் பற்றைக்குள் கிடக்க, இருவரும் சைகையும் சொல்லுமாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"தம்பி, பாணுக்குப் பாண் எண்டுதான் சொல்லுறான். எங்கடை ஆள்."

சமையலறையில் என் கையைக் கட்டிவிட்டுப் பண்ணைக்காரர் அதே சைகையும் சொல்லுமாக விளக்கினார். அது ஒக்சித்தான். தெற்குப் பிரான்சின் பழைய பாஷை. ஊர்ப் பலகையில் கீழே எழுதியிருப்பதும் அதுதான், கொட்டிலில் தான் வரைந்தது அந்த மொழிக்காரரின் சிலுவை. அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷை பேசி அடி வாங்கியிருக்கிறார். இப்போது பண்ணைக்காரருக்கு அதில் கதைக்க நாய் மட்டும்தான். பிறகு கொஞ்சம் பெருமையோடு இன்னொன்று சொன்னார். லூர்தில் மாதா காட்சி கொடுத்த ஏழைப் பிள்ளையோடு கதைத்தது பிரெஞ்சில் இல்லையாம். இந்தப் பக்கத்து ஊர்ப்பேச்சில்தானாம்.

நேர்த்தி அண்ணை அப்படியே மேசையோரத்து வாங்கில் இருந்துவிட்டார்.

"கேட்டியோ. பிள்ளைக்கு விளங்கிற பாஷையிலை கதைச்சிருக்கிறா. அப்ப தமிழும் விளங்கியிருக்கும். நான் மடையன், இத்தாலியிலை இருக்கிறம் எண்டு இவ்வளவு நாளும் தெரியாத இத்தாலியனிலை நேர்ந்து கொண்டிருந்தனான்."

பண்ணைக்காரர் தன் வான் வண்டியில் எங்களை லூர்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வானில் ஏறினால் நேர்த்தி முறிந்தது. அங்கே வதனி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். நான் அவளுக்கு எதைச் சொல்ல? கல்லுக்கும் சேற்றுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நித்திரை இல்லாமல் கிடப்பது நான் இல்லையே. ஐயோ, இவ்வளவு தூரம் வந்து இப்படி ஆயிற்றே என்று அந்த அந்நியர் வீட்டு மேசையில் தலையை வைத்து அழுதேன்.

நேர்த்தி அண்ணை என்னை ஏசவில்லை, தேற்றவும் இல்லை. வாங்கிலிருந்து எழும்பினார்.

"ரெண்டு சைக்கிள் எண்டுதானே நேர்ந்தனான். ஒண்டாய்ப் போகவேணும் எண்டு நேரேல்லையே."

வெளியே போய்த் தன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மத்தியானம் லூர்திலிருந்து பண்ணைக்காரருக்கு அழைப்பு வந்தது, வான் கொண்டு வரச்சொல்லி. திரும்பி வருவதற்கு வான் பரவாயில்லையாம். வந்து இறங்கியவர் ஒரு கோப்பை சூப் குடித்தார். என் ஹெல்மெட்டைத் தலையில் போட்டார், என் ஜாக்கெட்டைத் தொந்தியில் இழுத்துப் பூட்டினார். பற்றைக்குள் கிடந்த என் சைக்கிளைத் தூக்கி, நான் விழுந்த இடத்துக்கே உருட்டிக்கொண்டு போய், அங்கிருந்து ஏறி ஓடினார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"தம்பி, நீ இப்ப முதல் ஏத்தத்திலை நிக்கிறாய்."

"நானோ?"

"ஓம். நல்லாய் மூச்சு வாங்குது உனக்கு. நிண்டு தண்ணி குடிக்கிறாய்."

"அண்ணை, காணும். களைச்சுப் போவியள். விட்டிட்டு வாங்கோ."

"எனக்கென்ன களைப்பு? நான் மத்தியானமே வந்து சேந்திட்டன். இப்ப களைக்கிறது நீ."

பிறகு இன்னொரு அழைப்பு. "சேத்துக்குள்ளை விழுந்திட்டாய். பெரிசா ஒண்டுமில்லை. முழங்கால் உரஞ்சியிருக்கு, துடைச்சுப்போட்டு எழும்பிட்டாய்." அது யாருடைய முழங்கால் என்று எனக்குத் தெரியும். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பண்ணைக்காரரும் நாயும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுதுபடும் நேரம் கடைசி அழைப்பு வந்தது. குரல் உடைந்துபோய் இருந்தது.

"தம்பி, நீ வந்திட்டாய். மாதாவின்ரை குகைக் கெபிக்கு முன்னாலை நிக்கிறாய். நான் தங்கச்சிக்கு எடுத்து எல்லாம் சொல்லிப்போட்டன். நீ அவளோடை கதை."

நான் வதனிக்கு எடுத்தேன்.

"நீங்கள் போய்ச் சேந்திட்டியளாம்" என்றாள்.

"ஓமாம்" என்றேன்.

வதனி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்து முடிய, நித்திரை கண்ணைச் சுழட்டுது, படுக்கப்போறன் என்றாள். விடியும்வரை அசையவில்லை என்று பக்கத்தில் இருந்த அவளுடைய அக்கா சொன்னா.

மகள் மாதம் நிறைந்து பிறந்தாள். இப்போது சிசிலியன் பெடியளை அவர்கள் பாஷையிலேயே ஏசிவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அவள் பிறந்தது மாதாவாலா, டாக்டராலா என்று கேட்டால் நான் வாதாட மாட்டேன். டாக்டர் நல்ல டாக்டர். ஆனால் வதனியைத் தூங்கவைக்க அவர் கொடுத்த மருந்து ஒன்றும் வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வந்த ஊரில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எங்கள் சனம் அடிக்கடி சொல்லும். நான் சொல்வதில்லை. மழைக்குள் சேற்றில் விழுந்து எழும்பி, எனக்குப் பதிலாய் நானாகி அந்த மலை ஏறிய மனுசர் எனக்கு இருக்கிறார்.