மீண்டெழுந்த கம்பெனி

இந்த உலகத்தில் தோல்வியையே சந்திக்காத ஒரே தொழில்முனைவோர் தன் கணவர்தான் என்று பாண்டிலட்சுமி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் நினைத்தால்கூடச் சந்திக்க முடியாது. விருதுநகர் ஓட்டலில் மூன்று நாள் நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி முடித்து வந்த அன்றே தோல்வியை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார். நட்டத்துக்கு 'முதலீடு' என்று பெயர் வைத்தார். நமத்துப்போன சரவெடிக்கு 'பொறுமைசாலி'. வடக்கே போய்த் திரும்பி வந்த லோடுக்கு 'வீடு தேடி வந்த சரக்கு'.

வீட்டில் நான்கு சொற்களுக்குத் தடை: இல்லை, முடியாது, வேண்டாம், கூடாது. உப்பு தீர்ந்துபோனால் 'உப்பு வந்துகொண்டிருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் மூன்று முறை கைதட்டி, அதற்கு நேர் எதிரானதைச் சொல்லிப் பரிகாரம் தேட வேண்டும். பாண்டிலட்சுமி முதல் வாரம் நிறையக் கைதட்டினாள். அப்புறம், வாய்வரை வந்த சொற்களை விழுங்கி மனதுக்குள் அடுக்கிவைக்கப் பழகிக்கொண்டாள். பத்து மாதத்தில் உள்ளே ஒரு சரக்குக் கிட்டங்கியே நிறைந்துவிட்டது.

"பாத்தியா லட்சுமி, இப்பல்லாம் உம் மனசு எம்புட்டு அமைதியா இருக்கு!" என்று கணவர் அருள்பாண்டி பூரித்தார்.

அச்சங்குளத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு லைசென்சு அவள் பெயரில் இருந்தது. பெண் தொழில்முனைவோருக்குச் சலுகை உண்டு என்று யாரோ சொன்னதால் அவள் தொழில்முனைவோர் ஆனாள். அவள் இதுவரை முனைந்தது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான்.

ஒரே ஒரு தடவை அதற்கு மேலும் முனைந்திருக்கிறாள்.

போன வருடம் ஐந்தாம் நம்பர் வெடிமருந்து அறையில் நடந்ததை வீட்டில் 'அந்த அனுபவம்' என்று சொல்வார்கள். அதுவரை பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த முனியராஜை, ஆள் குறைகிறது, ஆர்டர் நிற்கிறது என்று அருள்பாண்டிதான் அன்று காலை மருந்து கலக்க அனுப்பினார். அவன் கல்யாணமாகிப் பத்தாவது நாள் வேலைக்கு வந்திருந்தான். மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்த பளபளப்பான பாலியஸ்டர் சட்டை. மருந்து கலக்குகிறவர்கள் பருத்தி மட்டும்தான் உடுத்துவார்கள். வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பெட்டி ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள்? அந்தச் சட்டையில் கிளம்பிய ஒரு பொறியில் அறையே வெடித்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முனியராஜ் மூன்றாம் நாள் இறந்தான்.

அறையை மறுபடி கட்டினார்கள். நாற்பத்தொன்றாம் நாள் உற்பத்தி தொடங்கியது. அந்தச் சாதனைக்காகத்தான் அருள்பாண்டிக்கு 'மீண்டெழுந்த தொழிலதிபர்' பட்டமே கிடைத்தது.

பாண்டிலட்சுமி சாத்தூரிலிருந்து பெயிண்டரை வரவழைத்து, தகரத்தில் சிவப்பெழுத்தில் ஒரு போர்டு எழுதச் சொன்னாள்: 'பாலியஸ்டர், நைலான் உடுத்தி உள்ளே வரக் கூடாது.' ஐந்தாம் நம்பர் வாசலில் அவளே மாட்டினாள்.

அந்தப் போர்டுக்குத்தான் இன்று விழா.

பயிற்சி கொடுத்த நல்லசிவம் காரில் வந்து இறங்கினார். தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் ஆடி மாதம். காற்றில் ஈரமே கிடையாது. இன்று அந்தக் கம்பெனியை அவர் 'முதல் நேர்மறைத் தொழிற்சாலை'யாக அறிவிக்கப்போகிறார். ஏற்பாடுகள் ஏறக்குறைய முடிந்திருந்தன. 'ஓடாதே' இருந்த இடத்தில் 'விரைந்து முன்னேறு!' மாட்டப்பட்டிருந்தது. ஓர் அறை வாசலிலிருந்த 'நாலு பேருக்கு மேல் நிற்காதே' என்ற போர்டை எடுத்துவிட்டு 'ஒன்றுகூடி உயர்வோம்' வைத்திருந்தார்கள். அதை மதித்து ஏழெட்டுப் பேர் அந்த அறையில் ஒன்றுகூடி நின்றார்கள்.

"மனசுல 'ஆதே', 'ஆதே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா தொழிலாளி எப்படிங்க வளருவான்?" என்றார் நல்லசிவம்.

"வளர மாட்டான் சார்" என்ற அருள்பாண்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று முறை கைதட்டினார். "வளருவான்!"

ஆபீஸ் வாசலில் டீசர்ட் வழங்கும் நிகழ்ச்சி நடந்தது. மஞ்சள் டீசர்ட், நெஞ்சில் 'என்னால் முடியும்'. நல்லசிவம் பாலித்தீன் உறையிலிருந்து ஒன்றை உருவினார். படபடவென்று சத்தம் வந்தது. கையிலிருந்த முடியெல்லாம் சிலிர்த்து நின்றது.

"பாருங்க! எனர்ஜி!" என்று கையைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மருந்து அறை மூத்தவர் ஆண்டிச்சாமி மட்டும் தட்டவில்லை. முனியராஜ் அவருடைய தங்கை மகன். டீசர்ட்டை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஐயா, இது பாலியஸ்டருல்லா? மருந்து ரூமுக்கு ஆகாதுங்க."

"ஆகாது!" நல்லசிவம் கூட்டத்தைப் பார்த்துத் துயரத்தோடு தலையசைத்தார். "இந்த ஒரு சொல்தான் நம்ம நாட்டைப் பிடிச்சிருக்கிற நோய். பெரியவரே, கைதட்டிட்டு 'ஆகும்'னு சொல்லுங்க."

ஆண்டிச்சாமி தட்டினார். "ஆகும்."

"எங்கே, நம்பிக்கையோட!"

"கண்டிப்பா ஆகும்ங்க. போன வருசம் ஆச்சுல்ல?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அருள்பாண்டி, "ஏலே, போட்டோக்காரர் எங்கலே?" என்று சத்தம்போட்டார்.

போட்டோ ஐந்தாம் நம்பர் அறையில் என்று முடிவாகியிருந்தது. மீண்டெழுந்த இடமல்லவா. ஆறு பேர் மஞ்சள் டீசர்ட்டோடு உள்ளே உட்கார்ந்து மருந்து சலிப்பதுபோல இருக்க வேண்டும்.

"நெஜ மருந்தாங்க?" என்று ஆண்டிச்சாமி கேட்டார்.

"இயல்பா இருக்கணும் இல்லையா?" என்றார் நல்லசிவம். 'இல்லையா' கேள்வியாக வந்ததால் அவர் கைதட்டவில்லை.

வாசலில் ஸ்டூல் போடப்பட்டிருந்தது. ஸ்டூலுக்குக்கூட ஒரு ரோசாப்பூ மாலை. கம்பெனியின் கடைசி எதிர்மறைச் சொல்லை உரிமையாளரே தன் கையால் கழற்றி எறிய வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருந்தது. மாற்றுவதற்கான புதுப் போர்டை அருள்பாண்டி மார்போடு அணைத்து வைத்திருந்தார்: 'வானமே எல்லை.'

"ஏறு லட்சுமி. ஒரே ஆணிதான்."

பாண்டிலட்சுமி ஏறினாள். பட்டுச்சேலை கட்டச் சொல்லியிருந்தார்கள், பருத்திச் சுங்குடிதான் கட்டியிருந்தாள். மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது ஆண்டிச்சாமி கண்ணில் பட்டார். டீசர்ட்டை விரிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு செம்புத் தகட்டில் கையை வைத்து நின்றார். எடுக்கவில்லை. கம்பெனியையே அந்தக் கையால் பிடித்து நிறுத்தியிருப்பவர் போல இருந்தார்.

பத்து மாதச் சரக்கு அவளுக்குள் அசைந்தது. மேலே அடுக்கியிருந்த ஒன்றே ஒன்றை எடுத்தால் போதும், அடுக்கு மொத்தமும் சரிந்துவிடும். கத்தலாம். ஆனால் கத்தினால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லோருமாகச் சேர்ந்து கைதட்டுவார்கள்.

முந்தானையால் போர்டின் தூசியைத் துடைத்தாள். 'கூடாது' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை. சாய்ந்திருந்ததை நேராக்கினாள். இறங்கி, ஸ்டூலை வாசல் நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன மேடம், ஆணி இறுகிக் கிடக்கா?"

"ஆணி நல்லா இருக்கு சார்."

"லட்சுமி, அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு நிக்காகல்ல?" என்று அருள்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார். "நாமதான் மீண்டு எந்திரிச்சுட்டோமே. கழத்து."

பாண்டிலட்சுமி, தடைசெய்யப்பட்ட சொல் ஒன்றுகூடக் கலக்காமல், மெதுவாகச் சொன்னாள்:

"கழத்தலாம்ங்க. முனியராசும் எந்திரிச்சு வந்துரட்டும்."