தோணிரேவின் முதல் நோயாளி

பன்னிரண்டாவது நாளும் ஒருவரும் வரவில்லை.

பச்சைமுத்து காலையிலேயே கஷாயம் காய்ச்சி இறக்கிவிட்டு, கட்டுத்துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து அடுக்கிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் உள்ளே வந்தது, அவர் காலடி வரை நீண்டது, திரும்பிப் போயிற்று. அன்றைக்கு அந்தக் குடிசைக்குள் வந்துபோனது அது ஒன்றுதான். சாயங்காலம் கஷாயத்தைக் கீழே கொட்ட மனமில்லாமல் அவரே குடித்தார். பன்னிரண்டு நாளாக இப்படிக் குடித்ததில், ஏரிக்கரை ஊரான தோணிரேவிலேயே சுரம் வர வழியில்லாத ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இருபது வருஷம் பழவேற்காட்டில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டையில் வைத்தியருக்குக் கையாளாக இருந்தவர் அவர். மருந்து இடிப்பது, புண் கழுவுவது, கட்டுப் போடுவது எல்லாம் அத்துப்படி. கோட்டை வைத்தியர் கோட்டை ஆட்களுக்கு, ஊர் வைத்தியர் ஊர்க்காரர்களுக்கு. இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் இருந்தது. கோடையில் ஏரித் தண்ணீர் வடிந்ததும் தெலுங்குச் சீமையிலிருந்து கிளிஞ்சல் அள்ள வருகிறவர்கள். கோட்டைச் சுவரில் பளபளக்கும் சுண்ணாம்பெல்லாம் அவர்கள் அள்ளிய கிளிஞ்சல்தான். கால் கிழிந்தால் சேற்றை அப்பிக்கொண்டு மறுபடி அள்ளுவார்கள். சுரம் வந்தால் கூடாரத்தில் சுருண்டு கிடப்பார்கள்.

இதெல்லாம் இருபது வருஷமாகப் பச்சைமுத்து கண்ணில் பட்டதுதான். மனதில் பட்டது போன வருஷம். அவர் கோட்டைக்குள் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவர் மனைவி பொன்னியம்மாள் மூன்று நாள் சுரத்தில் தனியாகக் கிடந்தாள். சேதி எட்டியது நாலாம் நாள், அவள் போன பிறகு. ஊருக்கெல்லாம் கஷாயம் காய்ச்சிய கை அவளுக்கு ஒரு வாய் காய்ச்சவில்லை. அதற்குப் பிறகு அவருக்குக் கோட்டையும் பிடிக்கவில்லை, வீடும் பிடிக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் கிடக்கிறவர்களுக்கு இனிமேல் காசில்லாமல் வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தார். அப்படியாவது பேச்சுத்துணைக்கு நாலு பேர் வருவார்கள் என்ற ஆசையும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தோணிக்காரர் நாகப்பன் வலை போட்டுவைத்திருந்த குடிசையைக் கொடுத்தார். ஊரை விட்டு ஒதுங்கி, கிளிஞ்சல்காரர்களின் கூடாரத்துக்கு எதிரே, ஏரிக்கரையில் இருந்தது அது.

"வைகாசி அமாவாசைக்கு அவங்க ஊருக்குப் பூடுவாங்க. அதுக்குள்ள ஒர்த்தனாச்சும் உன் வாசப்படி ஏறுனான்னா குடிச உனுக்கு. இல்லாங்காட்டி என் வலைக்கு."

பச்சைமுத்து ஒப்புக்கொண்டார். எத்தனை பேர் வரப்போகிறார்கள், உட்கார வைக்க இடம் போதுமா என்பதுதான் அப்போது அவருடைய கவலை.

பதின்மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இது வைத்தியசாலை என்று தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? புண் கழுவப் பறித்து வைத்திருந்த வேப்பிலை உள்ளே அடுப்புப் புகையில் காயாமல் கிடந்தது. அதைக் கொத்துக் கொத்தாக வாசலில் கட்டித் தொங்கவிட்டார். காற்றில் இலையும் காயும், பார்க்கிறவர்களுக்கும் விளங்கும்.

மறுநாள் மோர்க்கார லோகாம்பாள் குடிசைக்கு முன்னால் வரவில்லை. சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். இருந்தாற்போல வேறு வழி ஏன் என்று பச்சைமுத்துவுக்குப் புரியவில்லை. ஆனால் குளித்துவிட்டு வரும்போது, வாசலுக்கு முப்பது அடி தள்ளி ஒரு கல்லின் மேல், இலை போட்டு மூடிய சட்டி ஒன்று இருந்தது. திறந்தால் கேழ்வரகுக் கூழ். சுற்றிலும் ஒருவரும் இல்லை.

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம், ரோஷக்காரர்கள். சும்மா வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கூச்சப்பட்டு முன்கூட்டியே கைமாறு செய்கிறார்கள். இனி வந்துவிடுவார்கள்.

கூழில் உப்பில்லை. தொட்டுக்கொள்ள ஒரு துண்டு கருவாடுகூட இல்லை. ஏரி முழுக்க மீன் துள்ளுகிற ஊருக்கு வந்திருந்தும் மீன் சமைக்கத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார்.

நாலு நாள் கூழ் வந்தது, ஆள் வரவில்லை. குடிசை சுத்தமாக இல்லையோ என்று சந்தேகம் வந்தது. கோட்டையில் சுத்தம்தான் முதல் பாடம். மஞ்சளைக் கரைத்து, காலையும் மாலையும் வாசலில் தெளித்தார். அன்றிலிருந்து கூழோடு நுங்கும் இளநீரும் வந்தன. ஆனால் கரையோரம் நடந்து போகிற கிளிஞ்சல்காரர்கள் குடிசையை நெருங்கியதும் ஏரியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, தாண்டிய பிறகு கரையேறினார்கள்.

கூச்சத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? கூப்பிட்டுத்தான் பார்ப்போமே என்று அவரே வெளியே வந்து நின்றார். கூடையோடு இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"கிட்ட வாங்கப்பா. சும்மா தொட்டுத்தான் பாப்பேன். ஒண்ணும் ஆவாது."

இரண்டு பேரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாதி நாள் அலசிய கிளிஞ்சல் கரையெல்லாம் சிதறியது. பச்சைமுத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். அவர்கள் திரும்பி வந்து எடுத்துப் போகும்போது பேசலாம் என்று காத்திருந்தார். கூடை அங்கேயே கிடந்தது.

மருந்து எரியும் என்று பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. கோட்டை மருந்தென்றால் யாருக்கும் பயம்தான். எரியாது என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. குங்கிலிய வெண்ணெயை எடுத்து, வீணாகக் கூடாதென்று சிக்கனமாக, முகத்திலும் கையிலும் மார்பிலும் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலில் உட்கார்ந்து சிரித்தார். அப்படி மூன்று நாள் சிரித்தார். எதிரே கூடாரத்தில் கூட்டம் கூடிப் பேசுவது தெரிந்தது. சரி, வேலை செய்கிறது.

மூன்றாம் நாள் நாகப்பன் தோணியில் வந்தார். கரை தட்டவில்லை, கழியை ஊன்றித் தண்ணீரிலேயே நின்றார். பச்சைமுத்து எழுந்து நாலு எட்டு வைத்ததும் தோணி நாலு எட்டு பின்னால் போயிற்று.

"அங்கியே இருப்பா. குடிச எனக்கு வாணாம், நீயே வெச்சிக்க."

"இன்னும் ஒர்த்தரும் வர்லியே நாகப்பா."

"அதான் வாணாம்னுட்டேனே. உள்ள ஒரு வல கீதே, அதுவும் வாணாம். உடம்பப் பாத்துக்க."

அந்த வலை நாகப்பன் தன் கையால் பின்னியது. அதையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிற மனிதனைப் பார்த்து பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கியது. பிறகு குடிசையைத் திரும்பிப் பார்த்தார். குடிசை கிடைத்துவிட்டது. வர வேண்டியவர்கள்தான் வரவில்லை. பொன்னியம்மாள் இருந்திருந்தால் எங்கே தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். அவள் இருந்திருந்தால் இந்தக் குடிசையே தேவைப்பட்டிருக்காது. அன்றைக்கு அவர் கஷாயம் காய்ச்சவில்லை.

அமாவாசையும் வந்தது. காலையிலிருந்தே எதிரே கூடாரத்தைப் பிரித்துத் தோணிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கட்டுத்துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. கிளிஞ்சல் கிழித்த வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நின்றாள். அவள் வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு, மஞ்சள் தெளித்த வாசலைத் தாண்டி, உள்ளேயே வந்துவிட்டாள்.

பச்சைமுத்து அவசரமாக எழுந்தார். மூட்டையை அவிழ்த்தார். அவளை உட்கார வைத்து, பேரைக் கேட்டார். ரங்கம்மாள் என்றாள். வெந்நீர் வைத்து, காலில் அப்பியிருந்த சேற்றைக் கழுவி, உள்ளே இருந்த கிளிஞ்சல் துண்டை வலிக்காமல் எடுத்து, களிம்பு தடவினார். ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது. கோட்டைக் கதை, பொன்னியம்மாள் கதை எல்லாம் சொன்னார். அவள் அழுகிற குழந்தையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"நீதாம்மா என் மொத நோயாளி. பயப்படாம உள்ள வந்தியே, அதுவே போதும்."

ரங்கம்மாள் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். பிறகு திருப்தியாக எழுந்து, அவர் அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஏற்கெனவே வந்து போனதால திரும்ப ஒட்டாது, அதான் தினம் கூழு வைக்க என்னை அனுப்புனாங்க, அம்மை நல்லாவே எறங்கிடுச்சு நைனா, ஊரே ஒதுக்கிட்ட உன்ன ஒண்டியா வுட்டுட்டுப் போவ எங்க யாருக்கும் மனசு வர்ல, தோணில எடம் கீது, வா."