அலமாரியில் நிற்கும் கப்பல்

பயிற்சிக்காக வெளிநாடு போயிருக்கும் அன்பு மாமாவுக்கு,

உங்கள் தயவில் கப்பல் தளத்து வரைபட அறையில் தூசி தட்டும் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா? இங்கே நான் நலம், அம்மா நலம். அப்பாவைத் தளத்து வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள்.

உங்கள் இரும்பு அலமாரியில் உள்ள சுருள்களின் பிளாஸ்டிக் உறையில் ஒரு கிழிசல்கூட இருக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். நம் ஆட்களே போர்க்கப்பல் கட்ட வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனி வரைபடங்களை அனுப்பியது. பிறகு அதிலுள்ள தவறுகளைச் சரிசெய்து ஐந்தாம் திருத்தமும் அனுப்பியது. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கி, “இதெல்லாம் ஒரிஜினல் பாப்பா, எண்ணெய்க் கை படக்கூடாது” என்று பூட்டினீர்கள். தொழில்நுட்பம் அவர்கள் அலமாரியிலிருந்து நம் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. கப்பல் பழைய படத்தைப் பார்த்தே வளர்ந்தது.

அதனால்தான் கழிப்பறைக் கதவு குழாயில் இடித்து ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை.

“மாப்ள, இதுக்குள்ள போறவன் போர் முடிஞ்சாத்தான் வெளிய வருவான்” என்றார் அப்பா.

“டிராயிங்ல உள்ளபடி வெல்டிங் வைங்க மச்சான். ஒல்லியா ஆள் எடுத்துக்குவாங்க” என்றீர்கள்.

அப்பா கேட்கவில்லை. குழாயை நான்கு விரற்கடை தள்ளி வைத்தார். கழிப்பறைக் கதவு திறந்தது, தளத்தின் கதவு அவருக்கு மூடியது. வரைபடத்தை மீறிய குற்றமாம். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் செய்தவர் இப்போது வீட்டில் ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.

திங்கட்கிழமை, தூசி தட்ட நீங்கள் விட்டுப்போன சாவியால் அலமாரியைத் திறந்து, ஐந்தாம் திருத்தத்தின் உறையை நானே கிழித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கும் அந்தக் குழாய் புரிந்தது. அப்பா வைத்த அதே இடத்தில்தான் இருக்கிறது. போனில் உங்களிடம் மட்டும் என் திக்குவாயோடு திக்கித் திக்கிச் சொன்னேன். “வாயத் திறந்தா என் வேலையும் போச்சு, உன் வேலையும் போச்சு. அப்பாவுக்கு வேற எடம் பாத்துக்கலாம்” என்றீர்கள்.

சரி மாமா. வாயைத் திறக்கவே மாட்டேன். எனக்கு அதுதானே நன்றாக வரும்.

நீங்கள் நல்லபடி கற்றுத் திரும்ப வேண்டும். உங்கள் அலமாரி நூறு வருடம் துருப்பிடிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: இன்று அப்பாவின் விசாரணை நடக்கும் அறைக்கு டீ கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் திருத்தத்தை மேசைமேல் விரித்தேன். சுருண்டுகொண்டே இருந்ததால் நான்கு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்துவிட்டு வந்தேன்.